மழையில் எடுத்த படம்

எலும்பு உடையும்போது உள்ளே ஒரு சத்தம் கேட்கும். எனக்குக் கேட்டது. செரோப்புக்கும் கேட்டிருக்கும். கேட்ட பிறகும் ஓடியிருக்கிறாள்.

— ஜெப்சும்பா! என்ன, மனசுக்குள்ளயே பேசிக்கிட்டிருக்க? உன்னைத்தான் கூப்பிடுறேன்.

— கேட்குது கோச்.

— முகாமுக்குப் புதுசா ஓட வந்த பிள்ளைங்க சாப்பாட்டுக் கூடத்துல உட்கார்ந்திருக்குங்க. டீ ஆறிப்போச்சு. அக்கா எப்ப வருவாங்கன்னு வாசலையே பார்க்குதுங்க. கொஞ்ச நேரம் பேசிட்டு வந்துடு.

— என்ன பேச?

— என்ன பேசவா? வருஷா வருஷம் பேசுறதுதான். அந்த மாரத்தான். கால் எலும்பு விரிசல் விட்டதுக்கு அப்புறமும் ஓடி ஜெயிச்ச. முகத்துல ஒரு சுளிப்பு உண்டா? ஊரே உன்னை வரவேற்கப் பால் குடுக்கையைத் தூக்கிக்கிட்டு விமான நிலையத்துக்கு வந்துச்சே! நீ ஓடுற அந்தப் படம் சுவத்துல இருக்கு. அதைக் காட்டிப் பேசு.

— செரோப் அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் இந்தப் பேச்சைக் கேட்டா.

— அவ பேச்சு இப்ப எதுக்கு?

— காலையில எல்டொரெட் போயிட்டு வந்தேன், ஆஸ்பத்திரிக்கு. செரோப்புக்கு இடுப்பு எலும்பு உடைஞ்சிருக்கு கோச். இனிமே ஓட முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். ரொம்ப நாளா வலிச்சிருக்கு. என் பக்கத்துக் கட்டில்ல படுத்தவ. எனக்கே தெரியலை.

— வாயைத் திறந்து சொல்லியிருக்கணும். நான் என்ன மந்திரவாதியா?

— சொன்னா போட்டிக்குக் கூட்டிட்டுப் போவீங்களா? முழங்கால் வலிக்குதுன்னு நௌமி சொன்னப்போ, எல்லார் முன்னாடியும் என்ன சொன்னீங்க? "பாப்பாவுக்கு உகாலிக் களி வேண்டாம், பால் ஊட்டி விடுங்க"ன்னீங்க. எல்லாரும் சிரிச்சோம். நானும்தான் சிரிச்சேன். மறுநாளே மூட்டையைக் கட்டிக்கிட்டுப் போயிட்டா.

— அது விளையாட்டுக்குச் சொன்னது. பார்த்துக்கோ மகளே, நம்ம பையன்களுக்கு ஆம்பளையாக்குற சுன்னத்துச் சடங்குல கத்தி வைக்கிறப்போ முகத்துல மண்ணைப் பூசிக் காய விடுறோம். மண்ணுல ஒரு கீறல் விழுந்தாலும் கோழைன்னு பேரு, சாகுற வரைக்கும். எனக்கும் பூசினாங்க. கீறல் விழலை. மத்த நாட்டுக்காரன் மனசுக்குன்னு தனியா டாக்டர் வச்சுக்கிறான். நமக்கு அந்த மண்ணு போதும்.

— செரோப் இன்னும் அந்த முகத்தோடதான் படுத்திருக்கா. அவ அம்மா தரையில உட்கார்ந்து அழுறாங்க, இவ இமைகூட அசைக்கலை. நர்ஸ் காலைத் திருப்பினப்போ என்னைப் பார்த்து, "அக்கா, சரியா வச்சிருக்கேனா?"ன்னு கேட்டா.

— எதை?

— முகத்தை.

— சின்னப் பிள்ளை. தேறிடுவா.

— நீங்க போய்ப் பார்த்தீங்களா?

— பார்க்கணும். பார்க்கலாம். முதல்ல இதைக் கவனி. நீ வரலைன்னா இந்தப் பிள்ளைங்க அவளைப் பத்தியே குசுகுசுன்னு பேசும். சின்ன வலிக்கெல்லாம் உட்கார்ந்துக்கும். எத்தனை வீட்டு அடுப்பு இந்த ஓட்டத்தை நம்பி எரியுதுன்னு உனக்குத் தெரியாதா?

— கோச், அன்னைக்கு மழை.

— என்னைக்கு?

— அந்த மாரத்தான் அன்னைக்கு. பாலம் தாண்டினதுலேர்ந்து கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சு. நான் வழி முழுக்க அழுதுகிட்டேதான் ஓடினேன். அம்மா அம்மான்னு கத்திக்கிட்டு ஓடினேன். கண்ணீர் எது, மழை எதுன்னு படத்துல தெரியலை, அவ்வளவுதான். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— கடைசித் திருப்பத்துல நான்தானே நின்னேன். நீ தாண்டிப் போனப்போ என் காதுல விழுந்துச்சு.

— விழுந்துமா அந்தப் படத்தை மாட்டினீங்க?

— படத்துக்கு ஏது மகளே சத்தம்? நீ வரலைன்னாலும் அது சுவத்துல இருந்து பேசத்தான் போகுது. எழுந்திரு. கண்ணெல்லாம் ஈரமா இருக்கு பாரு. முகத்தைத் துடைச்சிட்டு வா.

— நான் வரலை கோச். இதைத் துடைக்கவும் மாட்டேன்.