கேட்டது இரண்டும் கிடைத்தது

சித்திரை வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிய பெரியவருக்குப் பெரியம்மைதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். மூச்சை அடக்கி, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, என் சாவுக்கு யார் யார் வருவார்கள் என்று யோசிக்கவும் தொடங்கியிருந்தேன்.

எதிரே இருந்த கீரைக்காரம்மாவுக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை.

“இன்னா பெரியவரே, இந்த வெயில்ல கம்பளிய சுத்திக்கினு கீற?”

“சிலோன் தேயிலைத் தோட்டத்துல இருந்தவன்மா. அங்க குளிரு. இங்க இதக் கழட்டி வைக்க வீடு இல்ல.”

நான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

“புள்ளைங்க?”

“ஒரே மக, அங்க இருக்கா. ரெண்டு சர்க்காரும் உக்காந்து, இத்தன பேரு உனக்கு, இத்தன பேரு எனக்குன்னு எங்களப் பிரிச்சுக்கிட்டாங்க. எந்த நாட்டுப் பிரஜையா இருக்கணும்னு மனுப் போடச் சொன்னாங்க. நான் இந்தியாவுக்குப் போட்டேன், மகள அந்த நாட்டுக்கே போடச் சொன்னேன். எது கெடைக்குதோ அங்க ஒண்ணா இருந்துக்கலாம்னு நெனச்சோம்.”

“அப்பால?”

“ரெண்டுமே கெடச்சிருச்சு.”

கீரைக்காரம்மா சிரித்துவிட்டாள். “சர்க்காருல கேட்டது கெடச்ச மொத ஆளு நீதான்யா!”

அவரும் சிரித்தார்.

“சரி, பொண்ண இட்டுக்கினு வந்துட வேண்டியதுதான?”

“அவ இப்ப வெளிநாட்டுக்காரிம்மா.”

பல்லாவரத்தில் பெரியவர் இறங்கினார். கல் உடைக்கும் வேலை எங்கே கிடைக்கும் என்று பிளாட்பாரத்தில் ஒருவரிடம் விசாரித்துக்கொண்டு, தனியாகப் போனார்.