வெளுத்த குழாய்

— கதை விடாதம்மா! நேத்து நல்லா பழுப்பா இருந்த கண்ணாடிக் குழாய், இன்னிக்கு எப்படி வெளுக்கும்? உள்ள இருந்த விஷ வாயு கசிஞ்சுடுச்சு. லேபைப் பூட்டு, பிள்ளைங்களை வெளிய அனுப்பு!

— பிள்ளைங்க இன்னும் வரலை ஹெட்மாஸ்டர் சார், மணி எட்டுதான். இது முனையை உருக்கி மூடின கண்ணாடி. ஒரு கீறல் காட்டுங்க, சாவியைக் கொடுத்துட்டு நானே போயிடறேன்.

— போன குளிர்காலத்துலயும் இதே குழாய் இப்படித்தான் வெளுத்துச்சு, உனக்கு முன்னாடி இருந்த லேப் ஆளும் இதே பேச்சுதான். ‘நான் ஒண்ணும் பண்ணலை சார்’னான். அன்னிக்கே அவன் சீட்டைக் கிழிச்சேன். நீ வந்து ரெண்டு மாசம்கூட ஆகலை.

— அன்னிக்கு ஜன்னலெல்லாம் திறந்து கிடந்துச்சாமே சார்? குளிர் அப்படி நடுக்குச்சாமே?

— அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்? நான் சரித்திரம் படிச்சவன், என்னைக் குழப்பாதே. கெமிஸ்ட்ரி வாத்தியார் ஒருத்தரைப் போடுங்கன்னு மேலிடத்துல கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம்.

— ஒரே நிமிஷம் சார். இந்த வெந்நீர்ல உங்க கையாலயே குழாயை வைங்க.

— வெடிச்சுத் தொலைச்சா?

— கை பொறுக்கிற சூடுதான் சார். வெடிச்சா ரெண்டு பேருக்கும்தானே, பக்கத்துலதான் நிக்கிறேன்.

— வாயைக் கழுவு! ...அட! நிறம் ஏறுதே! எங்கிருந்தும்மா வருது?

— போனாத்தானே சார் வர்றதுக்கு? உள்ளயேதான் இருந்துச்சு. குளிர்ந்தா அந்த வாயு ரெண்டு ரெண்டா சேர்ந்துக்கும், நிறம் வெளுக்கும். சூடானா பிரிஞ்சுடும், பழுப்பாகும். சேர்றதும் பிரியறதும் எப்பவும் நடந்துக்கிட்டேதான் இருக்கும். எதோட கை ஓங்கும்கிறதைச் சூடு பார்த்துக்கும். அவ்ளோதான் சார்.

— இன்னிக்கு அப்படியொண்ணும் குளிரலையே?

— ஏழு மணியிலிருந்து ஐஸ்ல வெச்சிருந்தேன் சார்.

— வேணும்னேவா?

— வேணும்னேதான். உங்க கண்ணால பார்த்தாத்தான் நம்புவீங்க.

— அப்போ அந்த ஆளு... அடக் கடவுளே! ஒரு தப்பும் பண்ணாதவனை அத்தனை பேர் முன்னாடி கன்னாபின்னான்னு திட்டித் துரத்தினேனேம்மா. அந்தப் பாவி அப்பவே இதைச் சொல்லியிருக்கக் கூடாதா?

— அப்ப அவருக்கே தெரியாது சார். ‘கவனக்குறைவு’ன்னு நீங்க எழுதிக் கொடுத்ததைப் பார்த்துட்டு எந்த ஸ்கூல்லயும் சேர்த்துக்கலை. ஆறு மாசம் லைப்ரரியே கதின்னு கிடந்து கண்டுபிடிச்சார்.

— இப்ப எங்க இருக்கான்? நானே போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றேன். நம்ம பெரிய லேப்ல இன்னொரு ஆளுக்கு இடம் காலியாத்தானே கிடக்கு.

— சத்தியமாவா சார்?

— சத்தியமாத்தான். எல்லார் முன்னாடியும் திட்டினேன், எல்லார் முன்னாடியும் மன்னிப்பும் கேட்கறேன். ஆமா, இவ்வளவும் உனக்கு எப்படிம்மா தெரியும்?

— வாசல்ல ஐஸ் பெட்டியோட ஒருத்தர் நிக்கிறார் பாருங்க சார், அவர்தான் நீங்க துரத்தின ஆளு, எங்க அண்ணன்.