பாடாத ரேடியோ

ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் காலை பஸ். முன் சீட்டில், உள்ளூரில் ரேடியோ செய்து விற்கும் பட்டறைக்கு வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் துணி சுற்றிய ரேடியோப் பெட்டி. கேட்ட கேள்வியை அவள் விடுவதாக இல்லை.

“பம்பாய் ரேடியோ கெட்டா, யாரு அக்கா பம்பாய்க்குத் தூக்கிட்டுப் போறா?”

“முதலாளி சொல்றாரேடி, பம்பாய்க்காரங்க செட்டு திரும்பி வர்றதே இல்லியாம், நம்மதுதான் வாராவாரம் ரிப்பேருக்கு வருதாம். நீ ஈயம் வச்சு ஒட்டறது சரியில்லைன்னு இன்னிக்கு உன்னை வேலையிலேர்ந்து நிறுத்தப் போறார். மன்னிப்புக் கேட்டுடு.”

“நம்மது கெட்டா சைக்கிள்ல வச்சு நம்ம வாசலுக்கே கொண்டாந்துடறாங்க. பம்பாய் செட்டு கெட்டா தலையில ரெண்டு தட்டு தட்டி மூலையில போட்டுடறாங்க. எங்க தெருவுல ஒரு வீட்டு மூலையிலேர்ந்து எடுத்த பம்பாய் செட்டுதான் இது. முதலாளி இதையும் சேர்த்து எண்ணட்டும், அப்புறம் மன்னிப்புக் கேக்கறேன்.”

கண்டக்டர் வந்தார். “பெட்டிக்கும் டிக்கெட் எடுக்கணும்மா. பாடுமா இது?”

“பாடாதுங்க. அதுக்குத்தான் கொண்டு போறேன்.”