கழற்றாத இன்ஜின்

ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுவது நல்லது. திருநெல்வேலியிலிருந்து தாதர் வர ஒன்றரை நாள் ஆகிறது. இங்கே தமிழர்கள் குடியிருக்கும் எங்கள் லேபர் கேம்ப் பகுதியில் யார் இறந்தாலும் ஊர்ச் சொந்தங்களால் முகம் பார்க்க முடிவதில்லை. என் மனைவி கோகிலவாணிக்கு அப்படி ஆகிவிடக் கூடாதென்று அவள் சொந்தக்காரர்கள் பதினொரு பேருக்கு டிக்கெட் எடுத்தேன். அப்போது அவள் நன்றாகத்தான் இருந்தாள். ஆஸ்துமா மட்டும் உண்டு.

நாள் எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்கள். என் வேலையே அதுதான். விமான இன்ஜினின் அதிர்வு, சூடு, எண்ணெய்ச் செலவு இவற்றை வைத்து, அது எப்போது பழுதாகும் என்று கம்ப்யூட்டரில் கணிப்பேன். நான் சொன்ன நாளுக்கு முன்பே கழற்றிச் சரிசெய்துவிடுவார்கள். அதனால் என் கணிப்பு சரியா தப்பா என்று யாருக்கும் தெரியாது. தலைமைப் பொறியாளர் பிரம்மநாயகம் கேண்டீனில் எல்லோர் முன்பும் சொல்வார்:

"ஒன் பேச்ச நம்பிக் கழட்டிப் பாத்தா, இன்ஜின் புது மாப்பிள்ள கணக்கா இருக்குடே. பேசாம ஒரு கிளி வாங்கிட்டு கிங்ஸ் சர்க்கிள்ல போய் உக்காரு."

யாரும் தொடாமல் விட்ட ஒன்றாவது எனக்குத் தேவைப்பட்டது.

கோகிலா தூங்கும்போது நெஞ்சில் போனை வைத்து அதிர்வு எடுத்தேன். தெர்மாமீட்டரில் சூடு. விமானம் எத்தனை முறை மேலே ஏறியது என்ற கட்டத்தில், அவள் மாடிப்படி ஏறிய கணக்கைப் போட்டேன். எண்ணெய்க் கட்டத்தைக் காலியாக விட முடியாது. அவள் மாதம் வாங்கும் நல்லெண்ணெயைப் போட்டேன். ஐம்பத்தெட்டு நாள் என்று வந்தது. ரயிலில் அறுபது நாள் முன்பே பதிவு செய்யலாம் என்பதால் எல்லோருக்கும் இடம் கிடைத்தது.

ஐம்பத்தேழாம் நாள் வந்து இறங்கினார்கள்.

"என்ன விசேஷம் மாப்ள? சொல்லவே மாட்டேங்கிய," என்றார் அவள் அண்ணன் பேச்சிராஜா.

"இவுகளுக்கு கன்பர்ம் டிக்கெட் கெடச்சுதுல்லா, அதாம்ணே விசேஷம்," என்று கோகிலா சிரித்தாள். அத்தனை பேருக்கும் தோசை வார்த்தாள். மூச்சு சீராக இருந்தது. எனக்குக் கவலையாகிவிட்டது.

மறுநாள் மதியம் வரை ஒன்றும் நடக்கவில்லை. வந்தவர்களைக் கிங்ஸ் சர்க்கிளுக்குச் சாப்பிட அனுப்பினேன். கோகிலாவைப் பரணைச் சுத்தம் செய்யச் சொன்னேன். அங்கே மூன்று வருடத் தூசி இருந்தது.

"என்னங்க, பம்ப எங்க வச்சிய?" என்றாள்.

அவள் மூச்சுக்கு உறிஞ்சும் பம்ப் என் சட்டைப்பையில் இருந்தது. கொடுத்தால் அதுவும் சரிசெய்த இன்ஜினாகிவிடும். அடுத்த முறை அவளால் பேச முடியவில்லை. என் பையை விரலால் காட்டினாள். நான் நேரம் குறித்துக்கொண்டிருந்தேன். மூன்று மணி பன்னிரண்டு நிமிடம்.

பதினொரு பேரும் முகம் பார்த்தார்கள்.

அவள் பிழைக்கமாட்டாள் என்பது எனக்கு ஐம்பத்தெட்டு நாளாகத் தெரியும். அவளிடம்கூடச் சொல்லாமல் அதை நான் ஒருவனாகத்தான் தாங்கினேன்.