கண்ணடிக்கும் சுபேதார்

— அந்த டாங்கியத் தொட்றாத அன்னக்கொடி, பீரங்கிக்குழல் இன்னும் காயல.

— தொடல. மத்ததெல்லாம் எதுக்கு அட்டைப்பெட்டிக்குள்ள போய்க்கிட்டிருக்கு? பதினோரு நாளு உசிலம்பட்டியில தம்பி வீட்ல இருந்துட்டு இப்பத்தான் பையக் கீழ வச்சேன். மாடியில வந்து பாத்தா ரூமு பாதி காலியாக் கெடக்கு.

— படைய வாபஸ் வாங்குறேன்.

— நல்லபடியாப் பேசுங்க.

— சமயநல்லூர் இம்மானுவேல் நாலு மணிக்கு வண்டி கொண்டாரான். டாங்கி, ஜீப்பு, சிப்பாய்ங்க, பெயிண்டு டப்பா, பெயிண்டு அடிக்கிற கம்ப்ரஸரு, அம்புட்டையும் ஏத்திவிட்ருவேன். அவனும் நம்மளாட்டம் பொம்மைப் பட்டாளம் ஒட்டுற பயதான். பத்திரமா வச்சிருப்பான்.

— எம் மாவுச் சல்லடையும் பெட்டியில கெடக்கு.

— அது செம்மண் சலிச்சது. டாங்கிச் சக்கரத்துல புழுதி அப்பணும்ல? இனிமே அதுல மாவு சலிச்சு தோசை சுட்டேன்னு வையி, தோசை சட்டியில நிக்காது. கெளம்பி எல்லைக்குப் போயிரும்.

— சாமி ரூம்ல இருந்த குங்குமச் சிமிழு?

— அது துரு. ஈரப் பெயிண்டு மேல ஒரு சிட்டிகை தூவுனாப் போதும், நேத்து வாங்குன டாங்கிக்கு நாப்பது வருசத் துருப் புடிச்சிரும். மதுரைக் குங்குமத்துக்கு அந்தக் குணம் உண்டு.

— ஆத்தி! சாமி கேக்காதுன்னு நெனப்பா?

— சாமி என்ன கேக்கும்? எதுத்த வீட்டு செல்லத்தாய் பூனை இருக்குல்ல, நீ ஊருக்குப் போன மறுநாளு இந்த ஜன்னல்ல ஏறுச்சு கேட்டுக்க. டாங்கி மெதுவாத் திரும்பி ஒரு பார்வை பாத்துச்சு. பூனை முன்னங்கால் ரெண்டையும் மேல தூக்கிருச்சு. அன்னையில இருந்து சைவம்.

— இப்ப வர்றப்ப வாசல்ல கருவாட்டுத் தலையக் கடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

— கைதிக்குக் குடுக்குற ரேசன் அது. சட்டப்படி குடுத்தாகணும்.

— கதை போதும். ரிட்டையரானதுல இருந்து இந்த மேசையே கதின்னு கெடந்த மனுசன். இப்ப ஏன் ஏத்திவிடுறீக?

— கண்ணு போச்சு.

— என்னது?

— பதறாத. ரோடு தெரியுது, உன்னயத் தெரியுது. சிப்பாய்தான் தெரியல. அவன் மூஞ்சியே ஒரு பச்சைப்பயறு அளவு. அதுல கண்ணு வைக்கணும். இத்தன நாளா எப்படின்னா, வைக்கிறப்பக் கலங்கலாத்தான் இருக்கும். சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சு, போன்ல படம் எடுத்துப் பெருசாக்கிப் பாத்தா, கண்ணு ரெண்டும் கிண்ணுன்னு இருக்கும். அந்தப் பெயிண்டு அப்படி. விளாங்குடி வெயிலுக்குக் காயக் காயத் தெளியும்.

— ம்.

— இந்தப் பதினோரு நாள்ல ஒம்பது பேருக்குக் கண்ணு வச்சேன். தூங்கி எந்திரிச்சேன், தெளியல. ஒருவேளை தூக்கம் பத்தலையோன்னு இன்னொரு தடவ தூங்குனேன். அப்பவும் தெளியல. ஒருத்தனுக்குக் கண்ணு கன்னத்துல இருக்கு. ஒருத்தனுக்கு மூணு. இன்னொருத்தனுக்கு மூஞ்சி சும்மா இருக்கு, தொப்பி பாக்குது.

— பெயிண்டு கெட்டுப் போயிருக்கும்.

— நானும் அப்படித்தான் நெனச்சேன். அப்புறம் வேற யோசனை வந்துச்சு. நீ இல்லாம பதினோரு நாளும் கடைப் புரோட்டா. முருங்கைக்கீரை உள்ள எறங்கல. கண்ணுச் சத்து வத்திருச்சு. நேத்து நானே கீரை ஆஞ்சு வேகவச்சு ரெண்டு சட்டி தின்னேன்.

— ரெண்டு சட்டியா? தெளிஞ்சுச்சா?

— வயிறு தெளிஞ்சுச்சு.

— சிரிக்க வைக்காதீக. நாளைக்கே கண்ணாஸ்பத்திரிக்குப் போவோம். புரை விழுந்திருக்கும். எடுத்தாச் சரியாப் போகும்.

— வரமாட்டேன்.

— சின்னப் புள்ளையா நீங்க?

— பத்தொம்பது வயசுல பட்டாளத்துக்கு ஆள் எடுத்தாங்க. ஓடச் சொன்னாங்க, மொத ஆளா வந்தேன். கயித்துல ஏறச் சொன்னாங்க, கயிறு தீந்து போயி அதுக்கு மேலயும் ரெண்டு முழம் ஏறுனேன். கடைசியா ஒரு ரூம்ல உக்கார வச்சு, எதுத்தாப்புல பலகையில கடைசி வரியப் படின்னாங்க. பலகை எங்கன்னு கேட்டேன். வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

— தெரியும். கயிறு மட்டுந்தான் நீங்க சேத்தது. மத்தது நெசம்.

— அதுக்கப்புறம் டெப்போவுல பஸ்ஸுக்கு நம்பர் எழுதியே காலம் போச்சு. பெரிய எழுத்து, பொழைச்சுக்கிட்டேன். ரிட்டையரானதும் பட்டாளமே இந்த மேசைக்கு வந்துச்சு. இங்க என்னைய யாரும் பலகை படிக்கச் சொல்லல. இப்ப மறுபடியும் போயி அதுக்கு முன்னாடி உக்காந்து தோக்கத் தெம்பு இல்ல அன்னக்கொடி. அதுக்கு, நாமளே எறங்கிப் போயிருவோம்.

— அந்தப் பெட்டியக் கொஞ்சம் நகத்துங்க. உக்காரணும்.

— பாத்து உக்காரு, விளக்குமாத்துக் குச்சி குத்திரும். மேசைக்கடியில எப்பவும் நாலு கெடக்கும். எலி வேலை. இந்த ஏரியா எலி படிச்ச எலி கேட்டுக்க. கூடு கட்டுறதுக்கு முந்தி குச்சி நுனிய ஊசியாட்டம் சீவிக்கிரும்.

— எலியா?

— நுனியில கறுப்புப் பெயிண்டு வேற. படிச்ச எலின்னு சொன்னேன்ல?

— ஆமாமா. அந்த சுபேதார் பொம்மைய எங்க? அவனையும் பெட்டியில போட்டாச்சா?

— இவனையா? சட்டைப்பையில இருக்கான், இந்தா. இவன மட்டும் யாருக்கும் குடுக்க மாட்டேன். பாரு, எப்படிக் கண்ணடிக்கிறான்! படத்தைப் பாத்துட்டு இம்மானுவேலு, 'நல்லகாமண்ணே, பயறு மூஞ்சியில ஒருத்தனக் கண்ணடிக்க வைக்க உலகத்துலேயே ஆளு கெடையாதுண்ணே'ன்னு ஒரு மணி நேரம் பேசுனான். நெசத்தைச் சொல்றேன், எப்படி வச்சேன்னு எனக்கே தெரியாது. எங் கையில இருந்த கடைசித் தெம்பு இவந்தான். அதனாலதான் வச்சுக்கிறேன்.

— ஏங்க.

— என்ன?

— இம்மானுவேலுக்குப் போனப் போட்டு வண்டி வேணாம்னு சொல்லுங்க. சொல்லிட்டு, நாளைக்கு எங்கூடக் கண்ணாஸ்பத்திரிக்கு வாங்க.

— ஏன், நீ என்ன பட்டாளத்துல சேந்துட்டியா?

— அவன் கண்ணடிக்கலைங்க. அவனுக்குக் கண்ணு வச்ச அன்னைக்கும் நீங்க தூங்கையில, நீங்க வச்ச ரெண்டையும் துடைச்சுட்டு ஒரு கண்ணுதான் வரைஞ்சேன், கீழ அடுப்புல பால் பொங்கிருச்சு, குச்சியப் போட்டுட்டு ஓடிட்டேன்.