காயாத பூச்சு

மனைவி: ...இன்னொரு தடவை கம்பின்னு வாயெடுத்தீங்க, நான் எழுந்து போயிடுவேன்.

பெயிண்டர்: போயேன் பாக்கலாம். வாக்கர் என் கையில இருக்கு.

மனைவி: மெதுவாப் பேசுங்க, எல்லாரும் பாக்கறாங்க. எக்ஸ்ரே எடுக்க வந்த இடத்துல உங்க பெயிண்ட் பட்டறைக் கதை எதுக்கு?

பெயிண்டர்: கதையா? ஆயுசு பூரா இரும்புக் கேட்டுக்குப் பூச்சு அடிச்சவன் நான். ஒரு பொட்டு உதிர்ந்தாக்கூட கேட்டுக்காரன் சண்டைக்கு வந்துடுவான். இவங்க என்னடான்னா, உன் தொடை எலும்புக்குள்ள வெச்ச கம்பியில கரையறதுக்குன்னே பூச்சு அடிச்சிருக்காங்க!

மனைவி: அது மருந்துங்க. கொஞ்சம் கொஞ்சமாக் கரைஞ்சு எலும்புல இறங்கணும். மாத்திரைன்னா உடம்பு பூரா ஊர் சுத்தும், இது வேண்டிய இடத்துல மட்டும் வேலை செய்யும்னு டாக்டரம்மா சொன்னாங்களே. நீங்க எங்க இருந்தீங்க?

பெயிண்டர்: உன் பக்கத்துலதான். எலும்பு உள்ளுக்குள்ள பொத்தல் பொத்தலா ஆயிடுச்சுன்னு சொன்னாங்க பாரு... கொஞ்ச நேரத்துக்கு ஒண்ணுமே காதுல விழல.

மனைவி: அட, அதை விடுங்க.

பெயிண்டர்: நான் கடைக்குப் போன நேரம் பாத்து விழுந்தியே...

மனைவி: நீங்க வர்ற வரைக்கும் தரையிலயே கிடந்தேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டைதான் போச்சு. அந்தப் பேச்சே வேணாம்... ஏங்க, இன்னிக்குப் படத்துல எலும்பு கம்பியைப் பிடிக்கலன்னு வந்தா?

பெயிண்டர்: பிடிச்சிருக்கும்.

மனைவி: பிடிக்கலன்னா மறுபடியும் ஆபரேஷன். சொல்லிட்டேன், இன்னொரு தடவை அந்த மேஜை மேல படுக்க என்னால முடியாது.

பெயிண்டர்: பிடிச்சிருக்கும்மா. நான் சொன்ன மாதிரி காலை ஊனாமத்தானே இருந்தே?

மனைவி: ஊனவே இல்ல.

பெயிண்டர்: நிஜமா?

மனைவி: பூச்சு காயற வரைக்கும் கால் வெக்காதேன்னு நீங்கதான் கண்டிச்சு சொல்லிட்டீங்களே. கூடத்துல கட்டிலைப் போட்டுட்டீங்க, அதுலயேதான் கிடந்தேன். வாசக் கதவுக்கு அடியில வர்ற காத்து பூரா என் மேலதான்.

பெயிண்டர்: கதவு என்ன பண்ணுச்சு?

மனைவி: பெயிண்ட் தரையில உரசக் கூடாதுன்னு அடியை அந்த இழை இழைச்சீங்களே! பூனையே புகுந்து வரலாம்.

பெயிண்டர்: பூச்சு முக்கியமா, காத்து முக்கியமா?

மனைவி: ஆமா, நான்தான் முக்கியம் இல்ல... ஏங்க, நம்மளத்தான் கூப்பிடறாங்க. கையைக் குடுங்க.

*

டாக்டர்: உக்காருங்கம்மா. படம் வந்துடுச்சு.

மனைவி: முதல்ல பிடிச்சிருக்கா இல்லையான்னு சொல்லிடுங்க.

டாக்டர்: இதோ, இந்த வெள்ளைக் கோடுதான் கம்பி. அதை ஒட்டி லேசா மேகம் மாதிரி தெரியுது பாருங்க... புது எலும்பு. நல்லா பிடிச்சிருக்கு.

பெயிண்டர்: அப்பாடா!

மனைவி: இனிமே ஆபரேஷன்...

டாக்டர்: வேணாம். பூச்சுல இருக்கற மருந்து அது வேலையைச் செஞ்சிருக்கு. ஆனா மருந்து மட்டும் போதாது, மேல எடை விழுந்தாத்தான் எலும்பு வளரும். தினமும் ஒழுங்கா நடந்திருக்கீங்க.

மனைவி: நா... நானா? இல்லையே. பூச்சு காயணும்னு இவர்...

டாக்டர்: உடம்புக்குள்ள எங்கம்மா காயும்? வாக்கரைப் பிடிச்சுக்கிட்டுத் தினமும் நடக்க விடுங்கன்னு இவர்கிட்ட அன்னிக்கே படிச்சுப் படிச்சு சொன்னேனே.

பெயிண்டர்: அது வந்து டாக்டரம்மா...

டாக்டர்: நீங்களே பேசித் தீத்துக்குங்க. நான் பக்கத்து ரூம்ல ஒருத்தரைப் பாத்துட்டு வந்துடறேன்.

*

மனைவி: என்னைப் பாருங்க. அங்க சுவத்துல என்ன இருக்கு?

பெயிண்டர்: மட்டமான பெயிண்ட்.

மனைவி: பேச்சை மாத்தாதீங்க. ஏன் பொய் சொன்னீங்க?

பெயிண்டர்: வேற என்ன பண்ணச் சொல்றே? நடன்னு சொன்னா அழுதே. நான் தாங்கிப் பிடிச்சா என் சட்டையைப் பிடிச்சுத் தொங்கினே, கால் தரையில படவே இல்ல. கல்யாணம் ஆனதுலேருந்து நான் வேணாம்னு சொன்ன எதை நீ செய்யாம விட்டிருக்கே? அதான்... வேணாம்னுட்டேன்.

மனைவி: அடப்பாவி மனுஷா!

பெயிண்டர்: நீ மட்டும் என்ன? ஊனவே இல்லன்னு புளுகினே. நான் பால் வாங்கக் கிளம்பினதுமே வாக்கர் சத்தம் ஆரம்பிச்சுடும். டொக்கு... டொக்கு...

மனைவி: பால் கடையில இருந்துக்கிட்டு உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?

பெயிண்டர்: கடைக்கு எங்க போனேன்? கதவைச் சாத்திட்டு வெளியவே நிப்பேன். விழுந்துட்டா ஓடி வரணும்ல.

மனைவி: அப்போ பால்?

பெயிண்டர்: முன்னாடியே வாங்கிப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜுல வெச்சிடுவேன்.

மனைவி: அதான் ஐஸ் மாதிரி இருந்துச்சா...

பெயிண்டர்: ஒரே ஒரு நாள், அவங்க வீடு பூட்டியிருந்துச்சு. நிஜமாவே கடைக்குப் போக வேண்டியதாப் போச்சு. நான் இல்லாத நேரத்துல நடந்து விழுந்து வெச்சிருப்பியோன்னு பாக்கிச் சில்லறையைக்கூட வாங்காம ஓடி வந்தேன். வந்து பாத்தா நீ போத்திக்கிட்டுப் படுத்திருக்கே. அன்னிக்கு மட்டும் ஏன் நடக்கல?

மனைவி: கதவுக்கு அடியில தினமும் உங்க ரெண்டு செருப்பும் தெரியும்ங்க. அன்னிக்குத் தெரியல... அதான் நான் கட்டிலை விட்டே எறங்கல.