பம்பு மாற்றியவன் அங்கேயே படுக்க வேண்டும்

இரவு பதினொன்றே கால். படகுப் பட்டறைக்குப் போகிற சாலை... ஒரு பக்கம் தகரவேலி, மறுபக்கம் கடல் தண்ணீர். கடைசி விளக்கு எரியாமல் போய் ஆறு மாதம். அந்த இருட்டில் கக்கத்தில் போர்வையைச் சுருட்டி வைத்துக்கொண்டு ஒருவன் தனியாக நடந்துபோகிறான். ஆறடி இரண்டு அங்குலம் இருப்பான். பட்டறையில் எல்லோருக்கும் அவன் நெட்டைதான்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் வருகிறபோது வரட்டும். இது நான் கட்டிவிடுகிற கதை இல்லை. என்னோடு வெல்டிங் வேலை பார்த்தவனின் அக்கா புருஷனுக்கு நடந்தது. அந்த நெட்டை வாயாலேயே கேட்டேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நடுவில் சிரித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

எந்தப் படகாக இருந்தாலும் அடிவயிற்றில், தரைப்பலகைக்குக் கீழே, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேரும். சேர்ந்தால் ஒரு மிதவை எழும்பும். அது எழும்பினால் பம்பு தானாக ஓடித் தண்ணீரை வெளியே துப்பும். பம்பு சரியில்லை என்றால், கட்டிப்போட்ட இடத்திலேயே படகு மூழ்கிவிடும். அதனால் அந்தப் பட்டறை மேஸ்திரி ஒரு சட்டம் வைத்திருந்தார். பம்பு மாற்றியவன் அன்று ராத்திரி அந்தப் படகிலேயே படுக்க வேண்டும். தன் உயிர் என்றால்தான் ஒருத்தன் திருகை ஒழுங்காக முடுக்குவான் என்பது அவர் கணக்கு.

அன்றைக்கு வேலை நடந்தது ஒரு டாக்டரின் படகில். உள்ளே கேபின் போட்ட சின்ன மோட்டார் படகு. பம்பு மாற்றியது நெட்டை இல்லை. அவன் சகலை. இரண்டு பேரின் மனைவிகளும் கூடப்பிறந்தவர்கள். நெட்டைக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். அவர் கிழித்த கோட்டை நெட்டை தாண்ட மாட்டான். ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போது அவரிடமிருந்து போன் வந்தது.

“தம்பி, சின்னவளுக்குக் காய்ச்சல் கொதிக்குது. எனக்குப் பதிலா நீ போய்ப் படுத்துக்கறியா? மேஸ்திரி காதுக்குப் போக வேணாம்.”

“அதுக்கென்ன சகலை. நீங்க பாப்பாவைப் பாருங்க.”

அவ்வளவுதான். போர்வையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

படகில் ஏறியதும் டீசல் வாடை, நனைந்த கயிற்றின் வாடை. தரைப்பலகையைத் தூக்கி, மிதவையை விரலால் உயர்த்திப் பார்த்தான். ர்ர்ர்ர்... பம்பு ஓடியது. விட்டான், நின்றது. மறுபடி உயர்த்தினான். ர்ர்ர்ர். சகலை கை வைத்த வேலை என்று திருப்தியாகப் பலகையை மூடினான். ஒரு வாளி தண்ணீரை ஊற்றி, அது வெளியே போகிறதா என்று எட்டிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. மற்றவன் செய்த வேலை என்றால் பார்த்திருப்பான்.

அந்தப் படகுக்கு ஒரு பழைய விஷயம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே இடத்தில் அது ஒரு முறை மூழ்கியிருக்கிறது. அன்று உள்ளே படுத்திருந்தவன் சகலையின் சொந்தத் தம்பி. குடித்துவிட்டு அடித்துப் போட்ட மாதிரி தூங்கினான், அதனால்தான் போனான் என்று சகலையே எல்லோரிடமும் சொன்னார். பாவம், பல்வலிக்காரன். எப்போதும் கன்னத்தில் ஒரு கிராம்பை அடக்கி வைத்திருப்பான். பேச வாயைத் திறந்தால் கிராம்பு வாசனைதான் முதலில் வரும். பிறகு படகைத் தூக்கி, கழுவி, பெயிண்ட் அடித்து, டாக்டர் தலையில் கட்டினார்கள்.

நெட்டை அதையெல்லாம் நினைக்கவில்லை. அந்தக் குட்டைப் படுக்கையில் காலை மடக்கிச் சுருட்டிக்கொண்டு தூங்கிவிட்டான்.

எத்தனை மணி என்று தெரியாது. விழிப்பு வந்தது.

பலகைக்கு அடியில் ர்ர்ர்ர் என்று பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அது நல்ல சத்தம்தான். ஆனால் தலைக்கு மேலே இன்னொரு சத்தம்.

கிரீச்... தொப். கிரீச்... தொப்.

கைப்பம்பு. கரண்ட் பம்பு காலை வாரினால் இருக்கட்டும் என்று, மேல்தட்டில் பிடி வைத்த பம்பு ஒன்று உண்டு. ஆள் நின்று மேலும் கீழும் அடிக்க வேண்டும். யாரோ அடிக்கிறார்கள். அவசரமே இல்லாமல்.

“சகலை? நீங்களா?”

சத்தம் நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம். பிறகு மறுபடி... கிரீச்... தொப்.

நெட்டைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையை விட்டுவிட்டு, என்னைத் தனியாக விட மனமில்லாமல் வந்துவிட்டாரே என்று நினைத்தான். அப்படி நினைத்ததைத்தான் என்னிடம் சொல்லும்போது அவனால் தாங்க முடியவில்லை.

எழுந்திருக்கக் காலை ஊன்றினான். ஜில்லென்று... முழங்கால் வரை தண்ணீர்.

அலறியடித்துக்கொண்டு மேலே ஏறினான். யாரும் இல்லை. கைப்பம்பின் பிடி மட்டும் மேலேயிருந்து மெதுவாகக் கீழே இறங்கி... நின்றது. பிடித்துப் பார்த்தான். நனைந்திருந்தது. சூடாகவும் இருந்தது, ஒரு கை இப்போதுதான் விட்ட மாதிரி. சுற்றிலும் கிராம்பு வாசனை.

பயப்பட நேரம் ஏது? விடிகிற வரைக்கும் அவனே அடித்தான். உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. அடியில் அந்தப் பம்பு ர்ர்ர்ர் என்று ஓடிக்கொண்டேதான் இருந்தது. படகின் பக்கவாட்டுத் துளையை எட்டிப் பார்த்தால் ஒரு சொட்டு வெளியே போகவில்லை.

வெளிச்சம் வந்ததும் பம்பைக் கழற்றினான். பழைய பம்பு. மேலே புதுசு மாதிரி பெயிண்ட். உள்ளே தண்ணீரைத் தள்ளுகிற இறக்கைச் சக்கரமே கிடையாது. வெறும் தண்டு சுற்றிக்கொண்டிருந்தது. காதால் கேட்டால் வேலை செய்யும். அவ்வளவுதான்.

நேரே சகலை வீட்டுக்குப் போனான். வாசலில் காய்ச்சல்காரி கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். மனைவியின் அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள்.

“பாப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டான்.

“அவளுக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கா. ஏன் கேக்கறீங்க?”

அவன் நிமிர்ந்து பார்த்தான். பரண் மேல் ஒரு பெட்டி தெரிந்தது. பிரிக்காத புதுப் பம்பு. மேலே டாக்டர் படகின் நம்பர், சகலையின் கையெழுத்தில். அதற்குப் பின்னால் இன்னொரு பெட்டி. அதே நம்பர், அதே கையெழுத்து. அதன் மேல் விரல் கனத்துக்குத் தூசி. இரண்டு வருஷத் தூசி.

சகலை முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவன் பார்வை போன இடத்தைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார்.

“வித்துரலாம்னுதான் எடுத்து வெச்சேன். தம்பி போனதுக்கப்புறம் அதைத் தொடவே மனசு வரல.”

“அப்ப இந்தப் புதுப் பெட்டி?”

அவர் மறுபடியும் முகத்தைத் துடைத்தார்.

“தெரிஞ்சேதான் என்னை அனுப்பினீங்களா?”

“ஒரு ராத்திரிதானே... ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்.”

“உங்க தம்பியை அனுப்பும்போதும் அப்படித்தான் நெனச்சீங்களா?”

டீ ஆறிப்போனது. நெட்டை அதைத் தொடாமலே எழுந்தான். எவனோ ஒருத்தன் செய்திருந்தால் அடித்துவிட்டுப் போயிருப்பான். கூடவே இருந்து குழி பறித்தவரை என்ன செய்வது? குடித்துவிட்டுத் தூங்கினான் என்று செத்தவன் மேலேயே பழியைப் போட்டவர் இல்லையா?

மேஸ்திரியிடம் பம்பு விஷயத்தை மட்டும் சொன்னான். தம்பி விஷயத்தைச் சொல்லவில்லை, மனைவியின் அக்கா முகம் குறுக்கே வந்தது. மத்தியானம் படகைக் கரைக்கு ஏற்றி, நாலு பக்கமும் முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். கரைக்கு ஏறிய படகின் அடியில் ஒரு துளையைத் திறந்துவிடுவது வழக்கம். நெட்டைதான் கீழே ஊர்ந்து போய், அதை அடைத்திருந்த பித்தளைத் திருகைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினான். உள்ளே இருந்த மிச்சத் தண்ணீர் எல்லாம் வடிந்தது. படகு காய்ந்தது. சகலை மேஸ்திரி கண் முன்னால் புதுப் பம்பைப் பொருத்தினார்.

“இன்னிக்கு நீயே படு. கரையில இருந்தாலும் சரி, சட்டம் சட்டம்தான். இல்லேன்னா டாக்டர்கிட்ட நீயே போய்ச் சொல்லிக்க,” என்றார் மேஸ்திரி.

எல்லோரும் போன பிறகு சகலை நெட்டையின் கையைப் பிடித்துக்கொண்டார். உரிந்த அதே கையை.

“துணைக்கு வா தம்பி. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.”

“பத்து மணிக்கு வந்துடறேன் சகலை,” என்றான் நெட்டை.

பத்து மணிக்கு வந்தான். படகுக்கு இல்லை. இருபதடி தள்ளியிருந்த கருவி ஷெட்டுக்குள் போய் விளக்கைப் போடாமல் உட்கார்ந்துகொண்டான். காத்திருக்கட்டும் என்று நினைத்தான். ஒரு ராத்திரிதானே.

பன்னிரண்டு மணி வாக்கில் ஆரம்பித்தது.

கிரீச்... தொப். கிரீச்... தொப்.

என்ன கேட்டாய்? கரையில் நிற்கிற படகில் பம்பு அடிக்கத் தண்ணீர் ஏது என்றா? அதையேதான் நெட்டையும் நினைத்தான். பயத்தில் சகலைக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது, அடிக்கட்டும் என்று இருந்தான். போகப் போகச் சத்தம் வேகமானது. கிரீச்தொப் கிரீச்தொப்... பிறகு கேபின் கண்ணாடியைத் தட்டுகிற சத்தம். பிறகு குரல்.

“தம்பி... தம்பி...”

தன்னைக் கூப்பிட்டாரா, இல்லை மற்றவனிடம் கெஞ்சினாரா... அவனுக்கு இன்றுவரை தெரியாது. எழுந்து இருபதடி நடந்தால் போதும். எழுந்திருக்கவில்லை. என்னிடம் இதைச் சொன்னபோது தலையை நிமிர்த்தவே இல்லை.

தட்டுகிற சத்தம் நின்றது. கைப்பம்பு மட்டும் விடிகிற வரைக்கும் நிதானமாக, அவசரமே இல்லாமல் அடித்துக்கொண்டிருந்தது.

காலையில் மேஸ்திரி வந்து கத்தியபோதுதான் நெட்டை வெளியே போனான். படகு முட்டுகளின் மேல் அப்படியே நின்றது. சுற்றிலும் தரை காய்ந்து, புழுதியாகக் கிடந்தது. கேபின் கண்ணாடிக்குப் பின்னால் மேல்விளிம்பு வரை தண்ணீர். அதற்குள் சகலையின் போர்வை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவரும்தான்.

கடப்பாரையால் கதவைப் பெயர்த்தார்கள். வந்தது உப்புத் தண்ணீர். நெட்டை கையால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறான்.

“அடியில ஓட்டை தெறந்துதானே இருந்துச்சு? எப்படிடா நின்னுச்சு தண்ணி?” என்றார் மேஸ்திரி.

நெட்டை குனிந்து பார்த்தான். துளையில் பித்தளைத் திருகு இறுக்கமாக முடுக்கியிருந்தது.

சட்டைப் பையைத் தொட்டான். பொத்தான் போட்டது போட்டபடியே இருந்தது. அவிழ்த்து, உள்ளே விரலை விட்டான். திருகு இல்லை. ஒரே ஒரு கிராம்பு இருந்தது. நனைந்து, இப்போதுதான் கன்னத்திலிருந்து எடுத்த மாதிரி வெதுவெதுப்பாக.